பஃபலோ மேயரும் எங்கள் பல்கனியும்

பேசுகிற பேச்சுக்கு வரி போடுவதாக இருந்தால் நாங்கள் அந்த ஒரு குளிர்காலத்திலேயே நடுத்தெருவுக்கு வந்திருப்போம். அப்படிப் பேசினோம். தொண்டைத் தண்ணி வற்றப் பேசினோம். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில், வோபர்ன் என்கிற பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில், இரண்டு அறை வீடொன்றில் ஆறு ஆண்கள் இருந்தோம். வாடகைப் பத்திரத்தில் இருந்தவை இரண்டே பெயர்கள். ஒன்று என்னுடையது, மற்றது வாத்தியார் அண்ணையுடையது. அவர் ஊரில் சரித்திரம் படிப்பித்தவர், இங்கே மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினார். மற்ற நாலு பேரில் இருவருக்கு எப்போதும் இரவு வேலை, அவர்களை நான் நித்திரையில்தான் அதிகம் கண்டிருக்கிறேன். மிச்சம் இருவரில் ஒருவர் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். மற்றவன் மட்டக்களப்பான், எங்களில் இளையவன், முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு எடுக்கப்படவில்லை.

கட்டடத்தைப் பராமரிக்கிற மனிதரை எல்லாரும் சுப்பிரிண்டன் என்றுதான் சொல்வோம். ஜமெய்க்காக்காரர், ஐம்பது வயதிருக்கும். மனைவியோடு நிலவறை வீட்டில் இருந்தார், வேலையோடு சேர்த்துக் கிடைத்த வீடு அது. குசினிக் குழாய் திருத்த முதல் தடவை வந்தபோது, சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்த மெத்தைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் போல என்று இங்கிலீசில் சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடங்கினார். அந்த விருந்தாளிகள் இரண்டு வருடம் நின்றார்கள். அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் தங்களுக்குள் அவரைக் கறுவல் என்றார்கள். நானும் சொன்னேன். தினமும் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்கிற ஆறு பேர் நாங்கள்.

இனித் தொலைக்காட்சிக்கு வருகிறேன். யாரோ குப்பை அறைக்குப் பக்கத்தில் விட்டுப்போன பெட்டி. அன்ரெனாவுக்குப் பதிலாக ஒரு கம்பிக் கோட் ஹாங்கர். ரொறன்ரோ நிலையங்களும் அதில் வரும், வராமல் என்ன! ஆனால் அங்கே ஆறு மணிச் செய்தியில் பனி, ஹொக்கி, ரயில்பாதைத் திருத்தம். ஏரிக்கும் நாட்டு எல்லைக்கும் அப்பால் பஃபலோவிலிருந்து வருவதோ நெருப்பு, துப்பாக்கிச் சூடு, கைவிலங்கு. எங்களுக்கு அதுதான் ருசி. ஒரு யுத்தத்திலிருந்து ஓடி வந்தவர்கள், வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிய கையோடு அடுத்த நாட்டுக்காரனுடைய பிணத்தைப் பார்க்கக் கதிரையை இழுத்துப் போடுகிறோம். இதை என்னவென்று சொல்ல?

மட்டக்களப்பானுக்கு முதல் இரண்டு வாரமும் அது வேறொரு நாட்டுச் செய்தி என்பதே தெரியாது. பெற்றோல் நிலையத்தில் கொள்ளை என்று கண்டதும் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த தன் மச்சானுக்கு ரெலிபோன் அடித்து, இரண்டு நாள் வேலைக்குப் போகவிடாமல் செய்தான். பின்னேரங்களில் கதவுக்குப் பின்னால் சோபாவை நகர்த்தி வைத்தான். நாங்கள் நாலு நாள் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னோம். அவன், அப்படியென்றால் இங்கே ஒன்றும் நடப்பதில்லையா என்று கேட்டான். யாருக்குத் தெரியும்? நாங்கள் இந்த ஊர்ச் செய்தி பார்ப்பதே இல்லையே.

பார்த்தது போதாதென்று விவாதம். பஃபலோ நகரசபையில் பொலிஸுக்குக் கூடக் காசு ஒதுக்குவதா, குறைப்பதா என்று அவர்கள் அங்கே அடிபடுவதற்கு முன்பே நாங்கள் இங்கே அடிபட்டோம். பஃபலோ முடிந்தால் டெட்ரோயிற், அது முடிந்தால் நியூயோர்க். நான் பொலிஸ் கட்சி. தெருவுக்கு இரண்டு பேரை நிறுத்தினால் ஒருத்தன் வாலாட்டமாட்டான் என்பது என் கொள்கை. தெருவுக்கு இரண்டு பேர் துவக்கோடு நின்ற ஊரில், அடையாள அட்டையை நீட்டி நீட்டிக் கை ஓய்ந்து வந்தவன் நான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வாத்தியார் அண்ணை எதிர்க் கட்சி. பொலிஸுக்குக் கொட்டுகிற காசைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடு, சும்மா சம்பளம் வாங்குகிறவர்கள் என்பார். சங்கக்கடை மனேஜருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான், தலைமை சரியில்லை. எந்த நகரமானாலும் தலைமை சரியில்லை. சங்கக்கடை ஏன் மூடப்பட்டது என்று மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது. அந்த மேயரின் சொந்த ஊர், அவரோடு போட்டியிடப் போகிறவரின் தொழில், பொலிஸ் தலைவரின் மீசை, எல்லாம் எங்களுக்கு அத்துபடி. நாங்கள் இருந்த ஸ்காபரோவின் மேயர் யார் என்று கேட்டிருந்தால் நாலு பேரும் முழித்திருப்போம்.

ஒருநாள் செய்தியில், பஃபலோவில் ஒரு தெருவில் பட்டப்பகலில் ஒருவனைச் சுட்டுவிட்டார்கள், வீடு வீடாகக் கேட்டும் கண்டதாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை என்று காட்டினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதுகெலும்பில்லாத சனம், இப்படிப்பட்ட சனத்துக்கு எந்த மேயர் வந்தும் பிரயோசனமில்லை என்று கத்தினேன். வாத்தியார் அண்ணைகூட அன்றைக்கு என் பக்கம். அந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. மறந்தால் நல்லது என்று பார்க்கிறேன், முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரமும் ஆகியிருக்காது. மாசி மாதம், பின்னேரம் ஐந்து மணி, இன்னும் வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. செய்திக்கு முன்னர் தேநீர்க் கோப்பையோடு பல்கனியில் நிற்பது எங்கள் வழக்கம். நாலு பேரும் நின்றோம். கீழே வாகனத் தரிப்பிடம். ஐந்தாம் மாடியில் இருந்த எங்கள் ஆள் ஒருவர், நாற்பது வயது மனிதர், இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு பஸ்ஸிலிருந்து வந்துகொண்டிருந்தார். நின்ற காரொன்றிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். இளந்தாரிகள், அவர்களும் எங்கள் ஆட்கள்தான், கத்தியதெல்லாம் சுத்தத் தமிழ். யாரோ ஒருத்தனுடைய தமையன் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதரை அடித்தார்கள். அவர் நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே விழுந்தார். உருளைக்கிழங்கு பனியில் உருண்டது. மேலே நாலு பேர் கோப்பையோடு நிற்கிறோம். டேய் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அதற்கு என்ன செலவு?

சுப்பிரிண்டன் பனி அள்ளுகிற சவளோடு பக்கத்துக் கதவால் ஓடி வந்தார். நிறுத்து நிறுத்து என்று இரண்டு தரம் சொன்னார். ஒருத்தன் திரும்பி பேஸ்போல் மட்டையை அவருக்கு ஓங்கினான். அவர் சவளால் தடுத்துத் திருப்பி அடித்ததில் அவனுடைய மணிக்கட்டு போய்விட்டது. அடிபட்டுக் கிடந்தவர் அந்த இடைவெளியில் எழும்பி, பைகளையும் விட்டுவிட்டு ஓடிப்போனார். அவருக்கும் ஏதோ வழக்கு நிலுவையில் இருந்திருக்க வேண்டும், பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பொலிஸைக் கூப்பிட்டது சுப்பிரிண்டனுடைய மனைவி. பொலிஸ் வந்து பார்த்தபோது அங்கே இருந்தது பனியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஒருத்தன், நல்ல இங்கிலீசில் பேசுகிற இரண்டு பேர், கையில் சவளோடு ஒரு கறுப்பர். காரை நிறுத்தினோம், இந்த மனிதன் வந்து அடித்தான் என்று அந்த இரண்டு பேரும் சொல்வது எங்களுக்கு மேலே கேட்டது. மட்டையைக் காணோம். கைவிலங்கு போட்டு அவரைத்தான் ஏற்றினார்கள்.

காரில் ஏறுவதற்கு முன் அவர் தலையை நிமிர்த்தி எங்கள் பல்கனியைப் பார்த்தார். நாங்கள் உள்ளே போய்த் திரையை இழுத்து மூடினோம்.

பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. இளம் பொலிஸ்காரன் ஒருவன், கையில் சின்னக் கொப்பி. மரியாதையாகத்தான் கேட்டான். சுப்பிரிண்டனுடைய முழுப் பெயரையும் வாசித்து, இன்னாரைத் தெரியுமா, உங்கள் பல்கனி தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருக்கிறதே, ஏதும் கண்டீர்களா என்றான். முந்தின வாரம்தான் இங்கிலீசுப் பேப்பரை எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிய வாத்தியார் அண்ணை, நோ இங்கிலிஷ் என்றார். மனேஜர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். மட்டக்களப்பான் ஒரு அடி முன்னுக்கு வந்தான். அவன் வாய் திறக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. பொலிஸ்காரனுக்கு மொழிபெயர்ப்பதுபோல முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு அவனுக்குத் தமிழில் சொன்னேன்.

"வாயைத் திறந்தியெண்டால் உன்ரை கேஸ் போச்சுது. பேசாமல் நில்."

பொலிஸ்காரன் என்ன என்று கேட்டான். இவர் நித்திரையாக இருந்தாராம் என்றேன். பிறகு என் பங்குக்கு, மற்ற நாங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம், திரை மூடியிருந்தது, ஒன்றையும் காணவில்லை என்றேன். நாக்கூசாமல், இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான்.

எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. நான் ஏற்றுக்கொள்ளப்பட்டு, நிரந்தர வதிவிடமும் கிடைத்தவன். மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். பொலிஸ் கொப்பியில் என் பெயர் ஏறினால் அவர்களுடைய தாள்களுக்கு ஏதாவது வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாட்சி சொன்னவனுடைய பெண்சாதிக்கு விசா மறுத்த கதை ஒன்றை யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா? இல்லை. முகவரியோடு சாட்சிக்குப் போனால் வீட்டில் ஆறு பேர் இருப்பது கட்டடத்தை வைத்திருந்த கம்பனிக்குத் தெரிந்துவிடும், அது இன்னொரு பயம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு. அந்த மூன்று பேரும் எங்கள் ஆட்கள், இவர் வேறு ஆள். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பொலிஸ்காரன் போனதும் பெட்டியைப் போட்டோம். ஆறு மணி. வழக்கமான கதிரைகளில் வழக்கம்போல இருந்தோம். மனேஜர் குளியலறையால் வந்து, என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார். பொலிஸ் உண்மையைக் கண்டுபிடிக்கும், அதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம் என்றார் வாத்தியார் அண்ணை. குளிர்காலம் முழுக்கப் பொலிஸுக்குக் காசு கொடுக்காதே என்று தொண்டை கிழியக் கத்திய மனிதர். நானோ, பொலிஸை நம்பிச் சாட்சி சொல்லப் போகலாமா, அவர்கள் எங்களையே மாட்டிவிடுவார்கள் என்றேன். ஒரு பின்னேரத்தில் இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டோம், ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. சீ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுப்பிரிண்டனே வந்தார். பிணையில் விட்டிருந்தார்கள். கண்ணுக்குக் கீழே வீக்கம். கோயிலுக்குப் போகிறவர்போல நல்ல கோட் போட்டிருந்தார். நாங்கள் ஓடி ஓடி உபசரித்தோம். நல்ல கதிரையை இழுத்துப் போட்டோம். தேநீர், சுண்டல், முதல்நாள் வாங்கிய ரோல்ஸ். மனேஜர் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பமாட்டோம், அதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார், இங்கிலீசு தெரிந்தவன் என்பதால்.

"ஒவ்வொரு பின்னேரமும் கோப்பையோடு அங்கே நிற்பீர்கள். அன்றைக்கும் நின்றீர்கள், நான் கண்டேன். என் வக்கீலிடம் ஒருவர் வந்தால் போதும். ஒரே ஒருவர். அவர்கள் அந்த மனிதரை அடித்தார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலையும் இல்லை, வீடும் இல்லை."

நான் பொலிஸ்காரனுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். திரை மூடியிருந்தது, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு தேநீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தார். நல்ல தேநீர் என்றார். கோப்பையைத் தானே கொண்டுபோய்க் குசினித் தொட்டியில் வைத்தார். அப்படியே குனிந்து, தான் திருத்திய குழாய் ஒழுகுகிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் வாத்தியார் அண்ணை நல்ல மனுசன் என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் என்ன உரிமையில் உலுக்குவது?

மட்டக்களப்பான் அந்த வாரமே மெத்தையைச் சுருட்டிக்கொண்டு தன் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டான். லிஃப்ற் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஆமி கேட்டா காணல்ல எண்டு சொல்லிச் சொல்லிப் பழகிட்டம் அண்ணன்," என்றான். "அந்த மனிசன் கேட்டதுக்கும் அதையே சொல்லிட்டமே."

லிஃப்ற் வந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான். அவன் பிறகு ஒளித்துப்போய் அந்த வக்கீலைத் தேடினானா என்று எனக்குத் தெரியாது. தேடியிருப்பான் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. அவன் தேடியிருந்தாலும் என் வாய் சுத்தமாகாது.

மாதக் கடைசியில் சுப்பிரிண்டனைக் கம்பனி நிறுத்திவிட்டது. வழக்கு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. அவர்கள் சாமான் ஏற்றிய நாள் சனிக்கிழமை. பழைய வான் ஒன்று கீழே நின்றது, மனைவி பூச்சாடிகளைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். அன்றைக்கு நாங்கள் ஒருவரும் பல்கனிக்குப் போகவில்லை. தேநீரை உள்ளேயே குடித்தோம்.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு பின்னேரம் கம்பனியிலிருந்து ஒருவன் வந்தான். கழுத்துப் பட்டி, கையில் கோவை. வீட்டுக்கு வீடு ஆள் எண்ணிக்கை சரிபார்க்கிறானாம், பல வீடுகளில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் இருப்பதாக முறைப்பாடாம். அரைக்கதவு திறந்து, உள்ளே தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் ஐந்து பேருடைய குளிர் ஜக்கெற்றுகள் ஆணியில் தொங்கின.

அவன் கோவையைப் புரட்டினான். உங்களுடைய வீட்டில் இரண்டு பேர்தானே என்றான். ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அவன் சிரித்தான். பழைய சுப்பிரிண்டன் போகிறபோது அவரிடம் ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதினோம், உங்களைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார் என்றான். இரண்டே பேர், அமைதியான ஆட்கள், வேறு ஒருவரையும் நான் அங்கே கண்டதில்லை என்று சொன்னாராம். அதனால் உள்ளே வந்து பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, கோவையில் ஒரு சரி போட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனான்.

கதவைச் சாத்தினேன். வேலையும் வீடும் போய், கைவிலங்கும் பூட்டப்பட்டு, போகிற வேளையில் அந்த மனிதர் எங்களுக்காக ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்களைப் பிடித்துக் கொடுக்க ஒரு சொல் போதும், அதை அவர் சொல்லவில்லை.

"யாரது? என்னவாம்?" என்று உள்ளே இருந்து வாத்தியார் அண்ணை கேட்டார்.

"ரெண்டு பேர்தானே எண்டு கேட்டவன். ஓம் எண்டன்."

"நல்லது. கெதியா வாரும், உங்கை மேயர் தேர்தல் முடிவு சொல்லப் போறான்."

போனேன். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். பஃபலோவில் அன்றைக்கு யார் வென்றார் என்பது இன்றைக்கும் எனக்கு நல்ல ஞாபகம், பெயரும் முகமும் ஞாபகம். அந்தப் பொலிஸ்காரன் எங்கள் வாசலில் நின்று எழுத்துப் பிசகாமல் வாசித்த சுப்பிரிண்டனுடைய பெயரை எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். வரவில்லை.